அவரவர் விளக்கு

அவள் திருகைக் குறைத்தாள். தலைக்கு மேலே விளக்கு குறையவில்லை.

வழக்கம்போல.

வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் மேசைக்கு ஒரு திருகு. கம்பியில்லாதது, மேசையோரத்தில் ஒட்டியது. அவரவர் விளக்கை அவரவர் கண்ணுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம் என்று நிர்வாகம் கேக் வெட்டி அறிவித்த சலுகை.

அடுத்த வாரமே வாஸ்து பார்க்க ஒருவர் வந்தார். முன்வரிசை மேசைகள் திருகுகளோடு பின்னே போயின, பின்வரிசை முன்னே வந்தது. எல்லோரும் கிழக்கே பார்த்து உட்கார்ந்தார்கள். விளக்குகள் மட்டும் கூரையில் இருந்த இடத்திலேயே இருந்தன.

அன்று பிடித்தது அவளுக்கு ஒற்றைத் தலைவலி.

புகார் சொன்னாள். திருகுதான் உன் கையில் இருக்கிறதே என்றார்கள். இன்னொரு நாள் லீவு போட்டால் வேலை இருக்காது என்பதையும் சேர்த்தே சொன்னார்கள்.

மற்றவர்கள் திருகை அதிகம் தொட்டதில்லை. அவளுக்குத்தான் கை சும்மா இருக்காது.

இன்று பின்மேசை எத்திராஜ் சாருக்குப் பிரிவு உபசாரம். ஓய்வுபெறும் வயதில்லை. கண்தான் கைவிட்டுவிட்டது. இரண்டு முறை கண்ணாடி மாற்றினார். திருகை முழுக்கக் கூட்டிவைத்தும் பார்த்தார். பில்லில் எட்டு மூன்றாகத் தெரிந்தது. திட்டு வாங்கி வாங்கி, கடைசியில் அவரே ராஜினாமா எழுதிக்கொடுத்தார். மேனேஜர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

அவரைச் சுற்றிக் கூட்டம். சால்வை, ரோஜா மாலை.

நிற்க முடியாமல் அவள் தன் நாற்காலியைப் பின்பக்கம் திருப்பி உட்கார்ந்தாள். தலை தெறித்தது. கை தானாகத் திருகுக்குப் போனது. எரிச்சலில் எதிர்ப்பக்கம் திருகிவிட்டாள்.

எத்திராஜ் சாரின் முகம் பளிச்சென்றது.

குறைத்தாள். இருண்டது.

கூட்டினாள்.

அவர் வாழ்த்து அட்டையைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"கடைசி நாள்ல கண்ணு நல்லாத் தெரியுது பாரும்மா."

எல்லோரும் கைதட்டினார்கள். அவள் திருகிலிருந்து கையை எடுத்தாள்.

இத்தனை மாதமும் அவருக்கு மத்தியானத்திலேயே பொழுது சாய்ந்தது அவள் கையால்.

சொல்லிவிடலாம். மேனேஜர் அறை திறந்துதான் இருக்கிறது. சொன்னால் அவர் வேலை மிஞ்சும். யார் கை அது என்பதும் வெளியே வரும்.

அவள் நாற்காலியை விட்டு எழவில்லை.

அவர் டிராயர் சாவியை ஒப்படைத்தார். அடையாள அட்டையைக் கழற்றி வைத்தார். வாடகை வீட்டைக் காலி செய்கிறவர்போல மேசையை ஒருமுறை துடைத்தார். பிறகு தன் திருகை முழுக்கக் குறைத்தார்.

அவள் தலைக்கு மேலே விளக்கு அணைந்தது.

என்ன சுகம். நெற்றிப்பொட்டில் தெறித்துக்கொண்டிருந்தது மெல்ல அடங்கியது. அழுகை வந்தது.

மாலையோடு அவர் லிஃப்ட் வாசலில் நின்றார். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

அவள் கண்களை மூடிக்கொண்டாள்.