நீல வெள்ளைச் சுவெற்றர்

நோர்வேயில் மகன் வீட்டில் இருக்கவேண்டிய சுவெற்றர், குருநகரில் கோயில் மண்டபத்துச் சாக்குக்குள் எப்படி வந்தது? அற்புதராணிக்கு விளங்கவேயில்லை. நீலமும் வெள்ளையுமாய் வரி ஓடிய அதை மடியில் போட்டு, மேலே ஒரு பழைய ஜீன்ஸை இழுத்து மூடினாள்.

வெளிநாட்டிலிருக்கும் ஊர்ப்பிள்ளைகள் பாவித்த உடுப்புகளைச் சேர்த்து வருடாவருடம் அனுப்புவார்கள். பெண்கள் மண்டபத்தில் கூடிப் பிரிப்பார்கள். தடித்த உடுப்பெல்லாம் மலைநாட்டுக்குப் போகும்.

வேறு யாரோ பின்னியதாக இருக்கக்கூடாதா? ஜீன்ஸுக்கு அடியில் விரலை விட்டுக் கழுத்து ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். இல்லை, அவளுடைய கைவேலைதான்.

கம்பளிப் பின்னலில் முடிச்சே கிடையாது. நூல் வளைந்த ஒரு கண் அடுத்த கண்ணுக்குள் வெறுமனே கோத்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் இழுத்த இழுப்புக்கு வரும்; அதனால்தான் ஓரத்தில் ஒரு நூல் விட்டாலும் மளமளவென்று உருவிக்கொண்டு போகும்.

மீன்வலை முடிந்து பழகிய அற்புதராணிக்கு அந்தப் பின்னலில் நம்பிக்கை வரவில்லை. கழுத்தைச் சுற்றி ஒவ்வொரு கண்ணுக்கும் வலைக்குப் போடுகிற மாதிரி, நகராத முடிச்சாக இறுக்கிப் போட்டிருந்தாள்.

முடிச்சு ஒன்றுகூட விடவில்லை. போட்டு உடுத்தால் அல்லவா விடுவதற்கு? முழங்கையில் தேய்வு இல்லை. அக்குளில் வியர்வை வாசம்கூட இல்லை.

"என்னடி அற்புதம், மடிக்குள்ளை ஒளிக்கிறாய்?" பக்கத்தில் இருந்த அருமைநாயகி ஜீன்ஸைப் பறித்தாள். "ஐயோ, புத்தம் புதுசு! ஆரோ தாய்மனுசி கையாலை பின்னி அனுப்பியிருக்கு. ஒருநாளும் போடேல்லைப் போலை."

"கடைச் சாமானாயிருக்கும்."

"கடையிலை உப்பிடிக் கோணலாப் பின்னுவாங்களே?" பெண்கள் சிரித்தார்கள். "நீயும் கனிசியசுக்கு ஒண்டு பின்னி அனுப்பினனியெல்லே? உன்ரை மோன் அதைக் கழட்டுறதே இல்லையெண்டு சொன்னாய்."

"ஓம். பனிக்கு அதைத்தான் போடுறான்."

சொல்லும்போதே முகம் சுட்டது. கனிசியஸ் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. போனில் அவள் கேட்கும்போதெல்லாம், "வடிவாயிருக்கம்மா" என்றுவிட்டு வேறு கதைக்குத் தாவிவிடுவான். மீதியை அவள்தான் கோயிலடியிலும் சந்தையிலும் நின்று பின்னியிருந்தாள்.

"பெத்தவள் பின்னினதை உப்பிடி எறிஞ்சவனுக்குச் செவிட்டைப் பொத்தி ஒண்டு குடுக்கவேணும்," என்றாள் அருமைநாயகி.

அற்புதராணியால் தலை நிமிர்த்த முடியவில்லை. கம்பளி நூலை வாங்கி அனுப்பியவனே அவன்தானே. பிடிக்காவிட்டால் சொல்லியிருக்கலாம். குப்பையில் போட்டிருந்தாலும் பரவாயில்லை. ஊர்ச்சனம் கிளறுகிற சாக்குக்குள்ளா போடவேண்டும்? இவர்களில் ஒருத்திக்குத் தெரிந்தாலும் போதும், இனிப் பூசைக்குக்கூட முகம் காட்ட ஏலாது.

"அன்ரி, அதை எனக்குத் தாங்கோவன்!" அருமைநாயகியின் மகள் ஜெசிதா ஓடிவந்தாள். அடுத்த மாதம் நுவரெலியாவில் அவளுக்கு ரீச்சர் வேலை. "அங்கை குளிர் எலும்புக்குள்ளை போகுமாம்."

மறுமொழிக்கு நிற்காமல் சுவெற்றரை எடுத்துத் தலைக்கு மேலால் போட்டாள். கைகள் இரண்டும் வழுக்கிக்கொண்டு போயின. வரிகள் வடிவாய் உடம்போடு இறங்கின. தலை மட்டும் வெளியே வரவில்லை.

"இழு, இழு!" இரண்டு பெண்கள் பிடித்து இழுத்தார்கள். கழுத்து ஓரம் கம்பி வளையம்போல அசையாமல் நின்றது.

"அம்மா, காது பிய்யுது!" கம்பளிக்குள்ளிருந்து ஜெசிதா கத்தினாள். மண்டபம் முழுக்கச் சிரிப்பு.

"ஆரடி உதைப் பின்னினவள்? தலையில்லாதவனுக்கே பின்னினவள்?" அருமைநாயகிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அற்புதராணி சிரிக்கவில்லை. சாக்கு வெட்டிய கத்தரிக்கோலைத் தேடி எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"நான்தான் இறுக்கிப் போட்டனான், அருமை, கழுத்து முடிச்சுகளை வெட்டு, தலை வரும்."