வீடு காலி

கடன்காரர்கள் வைத்த கெடு நெருங்கிவிட்டதால், சந்திரமௌலியும் ஷ்யாமளாவும் மாதுங்கா வீட்டை எட்டே நாளில் விற்றுவிட்டுச் செம்பூரில் ஒற்றை அறைக்குக் குடிபோனார்கள். வீடு காலியானதும் மீதிப் பணம் என்று பேச்சு.

சாவியைக் கொடுத்த மறுநாள் பணத்துக்காகப் போனார்கள். வீட்டை வாங்கிய தாராவித் தோல் வியாபாரி செல்லப்பாண்டி வாசலிலேயே நின்றிருந்தார்.

“ஒங்க பிள்ளைய விட்டுட்டுப் போயிட்டியளே ஐயா! கூட்டிட்டுப் போங்க, பைசாவத் தாரேன்.”

“எங்களுக்கேது கொழந்தை? குடுக்க மனசில்லேன்னா நேரா சொல்லுங்கோ,” என்றார் சந்திரமௌலி.

“அம்மா வந்தாத்தான் வருவேங்குது. நேத்துலருந்து பச்சத்தண்ணி குடிக்கல.”

ஷ்யாமளா உள்ளே போய்ப் பார்த்தாள். பதினோரு வருஷம் அவர்கள் இருவர் மட்டுமே குடியிருந்த வீடு. மூன்று அறைகளிலும் யாரும் இல்லை. நாளைக்குள் பணம் கட்டாவிட்டால் கணவர் கோர்ட் படி ஏற வேண்டும். அவள் வெறும் அறையைப் பார்த்து, “வா கொழந்தே, போலாம்,” என்றாள்.

செல்லப்பாண்டி ஒதுங்கி வழிவிட்டார். “மெதுவா யம்மா, அது செருப்பு போட்டுக்கிடட்டும்,” என்றார். பிறகு பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

செம்பூர் பஸ்ஸில் கண்டக்டர், கேட்காமலே இரண்டு முழு டிக்கெட்டும் ஓர் அரை டிக்கெட்டும் கிழித்தார். சந்திரமௌலி மூன்றுக்கும் காசைக் கொடுத்தார். ஷ்யாமளா ஜன்னலோரத்தை விட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.