மலைக்குப் போகும் வேன்

வரைபடத்தின் மேல் தேநீர் டம்ளரை வைக்கப் போன நெட்டையனின் கையை அக்கா தட்டிவிட்டாள்.

தேநீர் அவன் சட்டையில் தெறித்தது. துடைக்க அவள் துணி கூடக் கொடுக்கவில்லை.

காலையிலிருந்தே அப்படித்தான் இருந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். வண்டி நிறையப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தினாலும் குரலை உயர்த்தாதவள். இன்று ஒரு நட்டு கழன்று வரவில்லை என்று ஸ்பேனரைச் சுவரில் விட்டெறிந்திருந்தாள்.

வேனின் பின் இருக்கைகளைக் கழற்றி வாசலில் போட்டாகிவிட்டது. அந்த இடத்தில் பட்டை டயர் போட்ட இரண்டு மலை சைக்கிள்கள் கயிற்றால் கட்டப்பட்டுக் கிடந்தன. ஒன்று நெட்டையனுடையது. இன்னொன்று சுருட்டைமுடிக்காரியுடையது.

இருவரும் தம்பியின் கூட்டாளிகள். மழை, வெயில் என்று பார்க்காமல் மூவருமாக மலைக்குக் கிளம்பிவிடுவார்கள். கிளம்புவதற்கு முன்னால் இந்தச் சாப்பாட்டு மேசையில்தான் வரைபடம் விரியும். எங்கே சைக்கிள், எங்கே நடை என்று தெருவே கேட்கும்படி சண்டை நடக்கும்.

இன்று சண்டை போட்டது அக்கா மட்டும்தான்.

"இன்னைக்கு அருவிகிட்ட தங்கிட்டு, விடிஞ்சதும் ஏறலாம்க்கா. பாதையும் கொஞ்சம் காயும்," என்றான் நெட்டையன்.

"குளிச்சு ஆட்டம் போடவா போறோம்? இன்னைக்கே ஏறணும்."

ரேடியோவில் மலைப்பக்கம் இன்னும் மழை இருக்கிறது என்றார்கள். அதற்கும் ஒரு திட்டு விழுந்தது. எழுந்து போய் அதன் காதைத் திருகி அணைத்தாள்.

பாதைகளை அவளே பிரித்தாள். மேட்டுப் பாதையில் நெட்டையன், சைக்கிளில். காட்டுப் பாதையில் சுருட்டை, அவளும் சைக்கிளில். சக்கரம் உருள வழியில்லாத ஓடைப் பாதையில் அக்கா, நடந்து. அதற்காகத் தம்பியின் பழைய ஷூவுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸைத் திணித்து, இப்போதே காலில் மாட்டியிருந்தாள்.

மூன்று பேரும் ஒன்றாகப் போனால்தான் நல்லது என்று சுருட்டை மெல்ல இழுத்தாள்.

"ஒண்ணாப் போறதைப் பத்தி நீங்க பேசாதீங்க. போன தடவை கிளம்புற நேரத்துல வரலைன்னு கைவிரிச்சது யாரு?"

இருவரும் தலைகுனிந்தார்கள். லீவு கிடைக்கவில்லை என்று ஒருவன், காய்ச்சல் என்று ஒருத்தி. இரண்டும் பொய்யில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆனாலும் அவர்கள் மேல் இருந்தது பாதிக் கோபம்தான். மீதி முழுக்கத் தம்பி மேல்.

எங்கே போகிறான் என்று என்றைக்காவது ஒழுங்காகச் சொல்லியிருக்கிறானா? சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு படியிறங்குவான். எந்தப் பக்கம்டா என்றால் மோவாயை உயர்த்தி, "மேல" என்பான். இன்ன வழியாகப் போகிறேன் என்று சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? கையில் கிடைக்கட்டும், கன்னம் பழுக்க நாலு வைக்கிறேன் என்று கறுவிக்கொண்டாள். அவன் அந்த ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இப்போது மூன்றாகப் பிரிய வேண்டியதே இல்லை.

போனை எடுத்து மலையடிவாரத்து விடுதியைக் கூப்பிட்டாள்.

"மூணு பேர் வர்றோம். ரெண்டு ரூம் வேணும்."

விடுதிக்காரர் குரலை அடையாளம் கண்டுகொண்டார்.

"தேடப் போன ஆளுங்க எல்லாரும் நேத்தே இறங்கிட்டாங்கம்மா. இனிமே பிரயோஜனமில்லைன்னு சொல்லிட்டாங்க," என்றார். பிறகு, "உங்க தம்பி ரூமை மட்டும் நான் இன்னும் யாருக்கும் விடலை."

அவரையும் திட்டத்தான் வாயைத் திறந்தாள்.

"அந்த ரூம்ல போர்வை ரெண்டாப் போட்டு வைங்க," என்றாள். "நனைஞ்சு வருவான், கழுதை."