சுவரில் பதித்த கண்ணாடி

கதவு தட்டப்பட்டபோது துல்லியோ நகக்கண்ணில் ஒட்டியிருந்த சிமெண்டை ஊசியால் நோண்டிக்கொண்டிருந்தார். படுக்கையறைச் சுவர் இன்னும் ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அப்புறம் அது எக்கேடு கெட்டாலும் அவருக்குக் கவலையில்லை.

"கையை நல்லாக் கழுவுங்க," என்று மனைவி ஜெம்மா அடிக்குரலில் சொன்னாள். "அந்தம்மா கண்ணுல பட்டுச்சுன்னா நம்ம கதை முடிஞ்சுது."

வந்தவள் மிரெல்லா. வடக்கே ஏதோ நகரத்துக்காரி. நோட்டரியிடம் போய்க் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வீட்டைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வந்திருந்தாள். போன மாதம் முதல்முறை வந்தபோது, கேட்ட விலைக்கு மறுபேச்சில்லாமல் தலையாட்டியவள். வீடு இருந்த மொந்தேரிவோ குன்றின்மேல் இதுவரை யாரும் அப்படி வீடு வாங்கியதில்லை.

அடுப்படி வாசலின் நிலை ரொம்பத் தாழ்வு. புதிதாக வருகிற எவரும் அதில் மண்டையை இடித்துக்கொள்ளாமல் உள்ளே போனதில்லை. மிரெல்லா மட்டும் முதல்நாளே, பேசிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் குனிந்து நுழைந்துவிட்டாள். கெட்டிக்காரி என்று துல்லியோ நினைத்துக்கொண்டார், அதோடு சரி.

படுக்கையறையில் அவள் நின்றுவிட்டாள். கட்டிலின் தலைமாட்டுச் சுவரில், கூரையிலிருந்து தரைவரை ஒரு விரிசல். அதன் குறுக்கே விரல் அகலத்தில் ஒரு கண்ணாடித் துண்டு, இரண்டு முனையும் சிமெண்டில் பதிந்திருந்தது.

"இது என்னங்க?"

"அந்தக் காலத்து நிலநடுக்கத்துல விட்ட விரிசல்மா. சுவர் ஒரு நூல் அசைஞ்சாலும் இந்தக் கண்ணாடி உடைஞ்சுரும். எங்கப்பா வெச்சது. பாருங்க, ஒரு கீறல்கூட இல்லை," என்றார் துல்லியோ.

அப்பா வைத்த கண்ணாடி போன குளிர்காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு பெருமழை பெய்யும்போதெல்லாம் அடிமண் நழுவியது, கண்ணாடி உடைந்தது, துல்லியோ புதிது வைத்தார். இது இன்று விடியற்காலையில் வைத்தது. பழசாகத் தெரியட்டும் என்று சிமெண்டின்மேல் காப்பிச் சக்கையைத் தேய்த்திருந்தார்.

மிரெல்லா தொட்டுப்பார்க்கக் கையை நீட்டினாள். "சுண்ணாம்பு உதிரும், உங்க நல்ல கோட்டு பாழாயிடும்," என்று ஜெம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"வெயில் நல்லா வருது. பேத்திக்கு இந்த ரூம்தான்," என்றாள் மிரெல்லா. "மூணு மாசக் குழந்தை."

கோடை விடுமுறைக்கு மட்டும் வந்து போகிற ஆட்கள் என்றுதான் துல்லியோ நினைத்திருந்தார். ஆளில்லாத மழைக்காலத்தில் சுவர் விழுந்தால் யாருக்கு என்ன என்று மனதைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தார்.

"நீங்க லீவுக்குத்தானே வருவீங்க?"

"இல்லைங்க, இங்கேயே இருக்கத்தான். என் மக குடும்பம் இன்னைக்குச் சாயங்காலமே வந்துடும்."

"அடுப்படிக்கு அந்தப் பக்கத்து ரூம் இன்னும் கதகதப்பா இருக்கும்மா." உண்மையைச் சொல்லிவிடலாம், இதோ சொல்லிவிடலாம் என்று துல்லியோவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஜெம்மா பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கிள்ளினாள்.

மிரெல்லா முன்னால் இறங்கிப் போனதும் ஜெம்மா சீறினாள். "வாயைத் தொறந்தீங்கன்னா நாம ரெண்டு பேரும் இந்தச் சுவத்துக்கு அடியிலதான் சாகணும். இதை விட்டா நமக்கு வேற என்ன இருக்கு?"

"சாந்த்ரோகிட்ட கேட்டிருக்கலாம்."

"பெத்த பிள்ளை இப்பதான் ஞாபகம் வருதாக்கும். அவன் அனுப்பின பணத்தையெல்லாம் திருப்பி அனுப்பிட்டு, எவன் பிச்சையும் வேண்டாம்னு கத்தினது யாரு? அவன் கல்யாணத்துக்குப் போகவிடாம என்னையும் புடிச்சு வெச்சது யாரு?"

துல்லியோ வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு நோட்டரியின் அலுவலகத்துக்குக் கிளம்பினார்.

நோட்டரி பத்திரத்தை வரிவரியாகச் சத்தமாக வாசித்தார். 'மறைவான குறை எதுவும் இல்லை' என்ற இடம் வந்தபோது துல்லியோ சன்னல் பக்கம் பார்த்தார். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. கையெழுத்துப் போட்டு, சாவியை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார்.

சாயங்காலம் அடிவாரத்து வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மழை கொட்டத் தொடங்கிவிட்டது. ஜெம்மா பாஸ்தாவுக்குத் தண்ணீர் வைத்தபடி, வெகுநாளைக்குப் பிறகு ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். அப்போதுதான் தொலைபேசி அடித்தது.

சாந்த்ரோ. வருடக்கணக்காகக் கேட்காத குரல்.

"அப்பா, கோவிச்சுக்காம கேளுங்க. கஷ்டத்துல வீட்டை விக்கிறீங்கன்னு ஊர்ல சொன்னாங்க. நான் பணம் குடுத்தா வாங்க மாட்டீங்க. அதான் என் மாமியாரை அனுப்பி வாங்கவெச்சேன். எங்க சேமிப்பு மொத்தமும் அதுலதான்பா இருக்கு. காலையில அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்துருங்க. இனிமே எல்லாரும் ஒண்ணா இருப்போம்."

துல்லியோ சன்னலுக்கு வெளியே கொட்டும் மழையைப் பார்த்தார்.

"குழந்தை... குழந்தை எங்கடா?"

"உங்க கட்டில்ல தூங்குறா. இப்பகூட அந்த ரூம்ல ஏதோ பட்டுனு உடைஞ்ச சத்தம் கேட்டுச்சு, அதுக்கும் அவ முழிக்கலைப்பா."