ஈரக் கோலம்

காலை ஆறே காலுக்கு வாசுகி ஊரிலிருந்து திரும்பினாள். பூட்டிய வீடுகளாகப் பார்த்துத் திருடுகிறார்கள் என்று அந்த நகரமே பயந்து கிடந்தது. தன் வீட்டில் ஆள் இருப்பதாகத் தெரியட்டும் என்று, தினமும் வாசலில் கோலம் போட எதிர்வீட்டுத் தங்கபுஷ்பத்திடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். தனியாக இருப்பவள், அவளுக்கென்று மிஞ்சியது அந்த வீடுதான்.

வாசல் தெளித்த ஈரம் இன்னும் காயவில்லை. புதுக் கோலம். மிதிக்காமல் தாண்டிப் போய், நிம்மதியாகச் சாவியை நுழைத்தாள். சாவி திரும்பியது. கதவு அசையவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

தங்கபுஷ்பம் போர்வையைச் சுற்றிக்கொண்டு எதிர்வாசலுக்கு வந்தாள்.

“நீ போன அன்னைக்கே எனக்குக் காய்ச்சல்டி. ஒரு நாள்கூட வரல. அதான் வீட்டுல ஆள் வெச்சிட்டுப் போயிருக்கியே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? யாருடி அது, உன் சேலையெல்லாம் கட்டிக்கிட்டு?”