கோணல் இலை

லைல் ஹாஸ்கல் கடைக்குள் நுழைந்ததும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நாட்காட்டியைப் பார்த்தார்.

"நவம்பர்," என்றார். "எந்த வருஷம்னுதான் தெரியல."

ரோண்டா தலை நிமிராமல் ஒரு குதிரைச் சேணத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். "வாங்க துரை. பூட்ஸ்ல ஒரு மலைப் பனியையே அள்ளிட்டு வந்து தரையக் கழுவி விட்டதுக்கு ரொம்ப நன்றி."

அவர் வழக்கமான முக்காலியில் உட்கார்ந்து, வழக்கம்போல் முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

வயோமிங்கில் அந்தப் பக்கத்து மூன்று ஷெரீஃப்களுக்கும் துப்பாக்கி உறை தைத்துக் கொடுப்பவள் அவள். மூன்றே வாரம். பூவும் கொடியும் செதுக்கினால் ஐந்து. அக்காள் புருஷன் லைலின் பழைய ரிவால்வருக்கு மட்டும் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

ஆண்டவர் உலகத்தை ஆறே நாளில் முடித்ததற்குக் காரணம், வேலையை ரோண்டாவிடம் கொடுக்காததுதான் என்று காபிக் கடையில் பேசிக்கொண்டார்கள்.

முதல் உறைத் தோலில் மாட்டின் சூட்டுத் தழும்பு இருந்ததாம். இரண்டாவதில் சாயம் திட்டுத் திட்டாக ஏறிவிட்டதாம். மூன்றாவதில், ஜூலை ரோடியோ திருவிழாவுக்கு முந்தின வாரம், கத்தி வழுக்கி ஒரு ரோஜாவின் கழுத்தை அறுத்துவிட்டதாம். ஈரத்தோலில் கத்தி கீறினால் கீறியதுதான், அழிரப்பர் கிடையாது. இதில் எதையும் அவள் லைலின் கண்ணில் காட்டவில்லை.

உறை கிடக்கட்டும், துப்பாக்கியையாவது கொடேன் என்று ஒவ்வொரு முறையும் அவர் கேட்பார்.

"அதெப்படி? ஈரத்தோல் உங்க துப்பாக்கியோட ஒடம்பு மேலயே காயணும். இல்லன்னா இரவல் சட்டை மாதிரி தொளதொளன்னு தொங்கும்."

போன வாரம் தொலைபேசியில் கறாராகச் சொல்லிவிட்டார். உறை ஆனாலும் சரி, ஆகாவிட்டாலும் சரி, சனிக்கிழமை துப்பாக்கி வேண்டும். பாதையைப் பனி மூடுவதற்குள் மலைமேல் இருக்கும் வீட்டுக்குப் போகிறார். ஏப்ரல் வரை. தனியாக.

நரித் தொல்லை என்றார்.

"மாடெல்லாம் வித்தாச்சே. நரி எதைத் தின்ன வருது, ஒங்க சமையலையா?"

சனிக்கிழமை என்று மறுபடி சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அக்காள் ஜூடியை அடக்கம் செய்த மறுநாள் இந்த மனுஷன் நேராக இங்கே வந்து துப்பாக்கியை மேசைமேல் வைத்தார். உறை செய்யச் சொன்னார். ரோஜாப்பூ போட்டு. நாற்பது வருஷம் அதை அழுக்குத் துணியில் சுற்றி வண்டிக்குள் போட்டிருந்தவர். துப்பாக்கிக்கு எதற்குப் பாவாடை என்று மைத்துனியின் தொழிலைக் கிண்டலடித்தே கிழவனானவர். மனைவி போன மறுநாளே ரசனை வந்துவிட்டது.

ரோண்டா அன்று சரியென்று வாங்கிக்கொண்டாள். துப்பாக்கியைத் திறந்து பார்த்தாள். ஆறு குண்டு போடுகிற இடத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. அதை எடுத்து ஆணி டப்பாவுக்குள் போட்டாள்.

இன்று சனிக்கிழமை; சொல்வதற்குச் சாக்கு எதுவும் மிச்சமில்லை. எப்படியும் போகப்போகிறது, போவதாவது நல்ல சட்டை போட்டுக்கொண்டு போகட்டும் என்று இந்த உறையை முழுசாக முடித்திருந்தாள். இரும்புப் பெட்டியிலிருந்து ரிவால்வரை எடுத்துவந்து, உறையோடு சேர்த்து அவர் முன்னால் வைத்தாள்.

காட்டு ரோஜாக்கள். ஒன்றின் காம்பை ஒன்று சுற்றி ஓடும் கொடி. ஒவ்வோர் இலைக்கும் நரம்பு.

லைல் துப்பாக்கியை எடுத்து உறைக்குள் இறக்கினார். ஒரு மயிரிழை இடம்கூட விடாமல் அது போய் உட்கார்ந்தது.

மறுபடி உருவினார். உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

வெளியே பனி தள்ளும் வண்டி தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போனது. அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது. ரோண்டா துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த எலை கோணல்," என்றார் லைல்.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "எது கோணல்? கண்ணாடியப் போட்டுப் பாருங்க! முப்பத்தோரு வருஷத்துல ஒரு பய சொன்னதில்ல, எலை கோணல்னு!"

"கோணல்னா கோணல்தான்."

அவள் குனிந்து பார்த்தாள். அவர் விரல் வைத்திருந்த இடத்தில் இலையே இல்லை.

துடைக்கும் துணியைக் கீழே வைத்தாள். பிறகு, தொழிலுக்கு வந்த நாளிலிருந்து யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"ஆமா. கொஞ்சம் கோணல்தான்."

"வேற செய்." துப்பாக்கியை மேசையில் வைத்து அவள் பக்கம் தள்ளினார். "அவசரமில்ல."

கதவருகே போய்த் தொப்பியை மாட்டிக்கொண்டு நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்தக் கீழ் டிராயரை இனிமேலாவது சாத்தி வை, ரோண்டா. வர்றப்பல்லாம் முட்டியில இடிக்குது."

கதவு மணி குலுங்கி அடங்கியது.

ரோண்டா மேசையைச் சுற்றி முக்காலிப் பக்கம் வந்தாள். கீழ் டிராயர் எப்போதும்போலப் பாதி திறந்து கிடந்தது. உள்ளே, உறைத்தோலை அச்சுப் பிடிக்க நிஜத் துப்பாக்கிக்குப் பதிலாக இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் நீல பிளாஸ்டிக் துப்பாக்கி.

லைலுடையதற்கு அச்சு அசல். அதே மாடல், அதே நீளம்.