டிராம் எந்தத் தெரு வழியாக?

துறைமுகத்திலிருந்து ரயிலடி வரைக்கும் தூத்துக்குடியில் டிராம் விட, மெட்ராஸ் கம்பெனி எஞ்சினீயர் வரைபடத்தோடு ஊர்க்கூட்டத்துக்கு வந்திறங்கினார்.

"எந்தத் தெரு வழியாகப் போகணும்னு ஊரே ஒருமனதாகச் சொல்லுங்கள். சாயங்கால ரயிலில் நான் திரும்பணும்" என்றார்.

கூட்டத்தில் டிராம் ஏறிப் பார்த்தவன் அய்யாக்குட்டி ஒருவன்தான். கொழும்பில் நாலு வருஷம் இருந்தவன். அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நைசாக நகர்ந்து ஜவுளிக்கடை மந்திரமூர்த்தியின் காதைக் கடித்தான்.

"அண்ணாச்சி, கொழும்புல டிராம் நிக்கிற கடையிலதான் கூட்டம் அள்ளுது. ஒங்க வாசல்ல நிக்கச் சொல்லுங்க."

அடுத்து மருந்துக்கடை தேவதாசனிடம் போனான்.

"மந்திரமூர்த்தி அண்ணாச்சி டிராமைத் தன் தெருவுக்கு இழுக்கப் பாக்காவ. ஒங்க பக்கம் அப்புறம் காக்கா கூட வராது."

உப்பு மண்டி சிவனாண்டியிடம் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. அதற்குள் சண்டை மூண்டுவிட்டது.

"என் வாசல்ல நிக்காத டிராம் எவன் வாசல்லயும் நிக்கப்படாது!" என்று மந்திரமூர்த்தி பெஞ்சில் ஓங்கி அறைந்தார்.

"அதைத்தாம்லே நானும் சொல்லுதேன்!" என்றார் தேவதாசன்.

"டிராமே வேண்டாம்!" என்றார் சிவனாண்டி.

ஊரே ஒருமனதாகக் கை தூக்கியது. எல்லாருக்கும் முந்தி அய்யாக்குட்டியின் கை.

எஞ்சினீயர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"ரயிலுக்கு நேரமாச்சே, இங்கே வண்டி ஏதும் கிடைக்குமா?"

வேப்பமரத்தடியில் குதிரையை அவிழ்த்து வண்டியில் பூட்டிக்கொண்டிருந்த அய்யாக்குட்டி திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"ஏறுங்க சார், நம்ம வண்டிதான். எந்தத் தெரு வழியா விடட்டும்?"